பின்கண்ணாடி இறங்குது, ஏற மாட்டேங்குது. அவசரம்

சனிக்கிழமை_மெக்கானிக் (ஞாயிறு இரவு 10:40)
வணக்கம். ட்ரக்கோட பின்கண்ணாடியை ஏறி இறங்குற மாதிரி மாத்தியிருக்கேன், பவர் விண்டோ மோட்டார் வச்சு. இறங்கும்போது பிரச்சினையே இல்ல. ஏறும்போது பாதியில ஒரு பக்கம் கோணிக்கிட்டு நிக்குது, மோட்டார் உறுமுது, அப்புறம் சர்க்யூட் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்னுடுது. மூணு வாரமா இதே கதை. வர்ற சனிக்கிழமை அக்கா குடும்பம் வருது, அதுக்குள்ள வண்டியை வெளியே எடுக்கணும். என்ன பண்ணலாம்?

வோல்ட்மீட்டர் (10:58)
என்ன வண்டி? என்ன வருஷம்? எந்த மோட்டார்? ரிலே (சுவிட்ச் சொன்னதும் மோட்டாருக்குக் கரண்ட் விடுற சின்னப் பெட்டி) இருக்கா, இல்ல சுவிட்ச் வழியாவே மொத்த கரண்டும் போகுதா?
நீங்க சொல்றதுக்கு முன்னாடியே சொல்றேன், இது வயர் சமாச்சாரம். முன்னாடி டேஷ்ல இருந்து கேபின் பின்சுவர் வரைக்கும் மெல்லிசு வயர் இழுத்திருப்பீங்க. இறங்குறப்போ லோடு கம்மி, தெரியாது. ஏறுறப்போ தெரியும். கண்ணாடி ஏறிட்டிருக்கும்போதே மோட்டார் முனையில மீட்டர் வச்சுப் பாருங்க. 11 வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா வேற எங்கயும் தேட வேண்டாம்.

புதுசு_கண்ணா (11:05)
ட்ரக்னா லாரியாண்ணே? லாரிக்கு எதுக்குப் பின்கண்ணாடி இறங்கணும்? பின்னாடி லோடுதானே இருக்கும்?

ஸ்பேனர்_சித்தப்பா (11:30)
வண்டி பேர் இல்ல, வருஷம் இல்ல, படம் இல்ல. நாங்க என்ன கிளி ஜோசியமா பாக்குறோம்? இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன், கேள்வியை ஒழுங்கா கேட்டா பதில் பாதி அதுலயே கிடைச்சிடும். யார் கேக்குறா.
எதுக்கும் ரிலேயைப் பாருங்க. இந்த மாதிரி கேஸ்ல பத்துக்கு எட்டு ரிலேதான்.

கோவை_டிங்கர் (திங்கள் காலை 6:15)
ஏனுங்க, கண்ணாடி அகலம் என்ன, உயரம் என்ன? மோட்டார் எத்தனை இடத்துல தூக்குது? நடுவுலயா, ஓரத்துலயா? இதைச் சொன்னாத்தான் பேச முடியும்.

சனிக்கிழமை_மெக்கானிக் (திங்கள் மதியம் 12:10)
மன்னிக்கணும், எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன். லாரி இல்ல, பிக்கப். செவர்லே சி-10, 1967. சின்னப் பின்கண்ணாடி கேபின். நான் டெக்ஸாஸ்ல இருக்கேன். புதுக் கண்ணாடி வெட்டி வாங்கினது: 34 இன்ச் அகலம், 13 இன்ச் உயரம், 6 மிமீ லேமினேட் (ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் ஒட்டினது). மோட்டாரும் ரெகுலேட்டரும் (கண்ணாடியைத் தூக்கி இறக்குற அமைப்பு) பழைய இரும்புக் கடையில ஒரு கார் கதவுல இருந்து எடுத்தது, கேபிள் டைப், தூக்கு ஒரே இடம். நடுவுல ஒரு பட்டை குறுக்கே வருது, அதனால இடப்பக்கமா 4 இன்ச் தள்ளி வச்சேன். லஞ்ச் முடிஞ்சுது, ராத்திரி வர்றேன்.

ஒரிஜினல்_மட்டும் (12:25)
நிறுத்துங்க. 1967 சின்னக் கண்ணாடி கேபினையா வெட்டினீங்க?
அந்த உடம்பு 67-லதான் வந்தது, 72 வரைக்கும் ஓடிச்சு. அதுல சின்னப் பின்கண்ணாடி முதல் வருஷத்து அடையாளம். பெரிய கண்ணாடி கேபின் எங்க வேணும்னாலும் கிடைக்கும். அதை வாங்கி வெட்டியிருக்கலாமே. கோயில் தூணைப் பேத்து அம்மிக்கல் பண்ணின மாதிரி இருக்கு.

மிச்சிகன்_வாசி (1:40)
அதை விடுங்க, உயிர் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. 67-72 சி-10ல பெட்ரோல் டேங்க் எங்க இருக்குன்னு யாருமே கேக்கலையே? சீட்டுக்குப் பின்னாடி, கேபினுக்குள்ளயே! சுமார் 20 கேலன் பெட்ரோலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுற வண்டி அது. 73 மாடல்லதான் கம்பெனி அதை வெளியே, சேஸிஸ் பக்கவாட்டுக்கு மாத்திச்சு. உங்க கண்ணாடி இறங்க வேண்டிய இடமே டேங்க் இருக்குற இடம்தான். டேங்கை வச்சுக்கிட்டா அதுக்குப் பக்கத்துல வெல்டிங் பண்ணினீங்க? முதல்ல அதை இறக்கணும், ஆவி போகக் கழுவணும், பின் ஆக்சிலுக்குப் பின்னாடி சேஸிஸுக்கு நடுவுல புது டேங்க் மாட்டணும், நிரப்புற குழாய், காத்து போற குழாய், மீட்டர் வயர் எல்லாம்...

சனிக்கிழமை_மெக்கானிக் (1:52)
டேங்கைப் போன வருஷமே பின்னாடி கீழ மாத்திட்டேங்க. சொல்லணும்னு தோணல.

மிச்சிகன்_வாசி (1:55)
தோணலையா! பாதி சாப்பாட்டுல எழுந்து வந்து டைப் பண்ணினேன்.

கோவை_டிங்கர் (திங்கள் இரவு 9:20)
இப்பத்தான் கடை சாத்தினேன், பொறுமையாச் சொல்றேன் கேளுங்க.
வீட்டுல அகலமான மேசை டிராயர் இருந்தா ஒரு கைப்பிடியை மட்டும் பிடிச்சு இழுத்துப் பாருங்க. ஒரு மூலை முன்னால வரும், இன்னொரு மூலை பின்னாலயே நிக்கும், டிராயர் கடிச்சுக்கும். அகலம் ஜாஸ்தி, பக்கத்துல ஓடுற நீளம் கம்மின்னா அப்படித்தான். கார் கதவுக் கண்ணாடி அகலமும் உயரமும் கிட்டத்தட்ட சமம், ஒத்தத் தூக்கு தாங்கும். உங்களுது 34-க்கு 13. அதுலயும் நடுவை விட்டு 4 இன்ச் தள்ளி. வலப்பக்கம் பின்தங்கும், கோணும். 6 மிமீ லேமினேட்னா கண்ணாடியே 4 கிலோவுக்கு மேல வரும். இறங்கும்போது அந்த எடையும் சேர்ந்து தள்ளிவிடுது, ஏறும்போது அதுவே எதிரி.
ஆனா அது மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். மோட்டாரைக் கழட்டிட்டு, கண்ணாடியோட அடிப்பக்கம் ரெண்டு கையையும் அகலமா வச்சு மெதுவா மேல தள்ளுங்க. லேசாப் போச்சுன்னா தூக்குறதுல கோளாறு. கையில தள்ளினாலும் அதே இடத்துல கடிச்சா, ரெண்டு பக்கமும் கண்ணாடி ஓடுற தடம் இருக்கே, அந்த சேனல்ல கோளாறு. அப்படின்னா டேப் எடுத்து சேனலுக்கு சேனல் மேலே, நடுவுல, கீழே மூணு இடத்துல அளங்க. மூலைக்கு மூலையும் அளங்க. சேனலை எப்படி மாட்டினீங்க, போல்ட்டா, வெல்டிங்கா?

ஸ்பேனர்_சித்தப்பா (9:45)
டிராயர் கதையெல்லாம் சரி. ரிலே பாத்தாரான்னு இன்னும் சொல்லல.

வோல்ட்மீட்டர் (9:50)
ரிலேக்கு முன்னாடி வயர்.

கறள்பிடிச்சவன் (10:30)
தம்பி, நான் டொராண்டோவில இருக்கிறன். உங்கட கண்ணாடி ஏறுதோ இறங்குதோ, தண்ணி எங்க போகப் போகுது? முந்தி ரப்பர் சுத்திவர இறுக்கிப் பிடிச்சிருந்தது. இப்ப கீழ ஒரு நீட்டு வெட்டு. மழை பெய்தால் கண்ணாடியோட வழிஞ்சு நேர உள்ளுக்க போகும். அந்தக் கேபின்ர பின் மூலை ரெண்டும் சும்மாவே கறள் பிடிக்கிற இடம், எத்தினை கேபின் மூலையை வெட்டி ஒட்டினனான் எண்டு எனக்குத்தான் தெரியும். இஞ்ச றோட்டுக்கு உப்புப் போடுறவை, உங்களுக்கு அது இல்லை, ஆனால் தண்ணி தண்ணிதான். கண்ணாடிக்குக் கீழ ஒரு தகரத் தொட்டி மாதிரி செய்து, ரெண்டு மூலையிலும் ஓட்டை வச்சு, ரப்பர் குழாய் போட்டு நிலத்துக்கு இறக்குங்கோ. வெளிப்பக்கமும் உள்பக்கமும் கதவில இருக்கிற மாதிரி துடைக்கிற ரப்பர் வேணும். லேமினேட் கண்ணாடி விளிம்பு தண்ணியில ஊறினால் ஓரம் வெள்ளையாப் பூத்துப்போம்.

புதுசு_கண்ணா (10:41)
கறள்னா?

கறள்பிடிச்சவன் (10:44)
நீங்கள் துரு எண்டு சொல்லுறது. லொறியை லாரி எண்டு சொல்லுறவைக்கு எல்லாம் விளங்கப்படுத்த வேண்டிக் கிடக்கு.

புதுசு_கண்ணா (10:46)
அப்போ பிக்கப்பும் லொறியா?

கறள்பிடிச்சவன் (10:52)
பிக்கப் பிக்கப்தான்.

மிச்சிகன்_வாசி (செவ்வாய் காலை 7:30)
சேனல் பிரச்சினை தீர்ந்ததும் இன்னொண்ணு. சைலன்சர் குழாய் எங்க முடியுது? வண்டி ஓடும்போது பின்னாடி காத்து குறைஞ்ச ஒரு குழி மாதிரி உண்டாகும், புகை அதுலயே சுத்திக்கிட்டு நிக்கும். பின்கண்ணாடியைத் திறந்து வச்சா அது உள்ளே வரும். பழைய ஸ்டேஷன் வேகன்ல பின்கதவுக் கண்ணாடியை இறக்கி ஓட்டாதேன்னு பெரியவங்க சொன்னது இதுக்குத்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. நிறைய பேர் இந்த வண்டியில குழாயைப் பின்சக்கரத்துக்கு முன்னாடியே வெட்டி விட்டுடுவாங்க, சத்தம் நல்லா இருக்கும்னு. அப்படி இருந்தா பின்னாடி லோடு ஏத்துற தொட்டியோட கடைசி வரைக்கும் நீட்டுங்க. அக்கா பிள்ளைங்களை ஏத்தப் போறீங்க.

ஸ்பேனர்_சித்தப்பா (8:10)
ரொம்ப பயமுறுத்தாதீங்க. டொயோட்டா டன்ட்ராவுல க்ரூமேக்ஸ் கேபினுக்குப் பின்கண்ணாடி முழுசா உள்ளே இறங்குது, 2007-ல இருந்து வித்துட்டிருக்கான். உலகத்துலயே முதல்ல இதைச் செஞ்சதே அவன்தான்.

மிச்சிகன்_வாசி (8:22)
டொயோட்டாவா முதல்ல? 1957-ல மெர்க்குரி டர்ன்பைக் க்ரூஸர்ல பின்கண்ணாடி பட்டன் அமுக்கினா இறங்கும். 63-ல பின்கண்ணாடியை உள்பக்கமா சாய்ச்சு வச்சு மெர்க்குரி மான்டரேயில திரும்பவும் கொண்டுவந்தான், அதுக்கு 'ப்ரீஸ்வே'ன்னு பேரு. அதுவும் ஃபோர்டு குடும்பம், எங்க ஊர் வண்டி.

ஸ்பேனர்_சித்தப்பா (8:30)
அது கார். நான் பிக்கப்பைச் சொன்னேன்.

மிச்சிகன்_வாசி (8:33)
பிக்கப்னாலும் 2007-க்கு முன்னாடியே இருக்கு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஸ்போர்ட் ட்ராக், 2001 மாடல். ஏன், டன்ட்ராவுலயே டபுள் கேப் 2004-ல வந்துடுச்சு. சித்தப்பா, கூகுள் பண்ணிட்டு வாங்க.

ஸ்பேனர்_சித்தப்பா (8:50)
நான் சொன்னது க்ரூமேக்ஸை மட்டும். வாக்கியத்தை முழுசாப் படிங்க.

ஒரிஜினல்_மட்டும் (9:15)
எல்லாம் சரி, அந்தக் கம்பெனி வண்டியில எல்லாம் கம்பெனியே டிசைன் பண்ணி வச்சது. இவர் கட்டரை எடுத்து வெட்டியிருக்கார். கண்ணாடியில முத்திரை இருக்கா? அமெரிக்காவுல டிரைவர் பார்வைக்கு வேணும்கிற பின்கண்ணாடியில ஏஎஸ்-1னோ ஏஎஸ்-2ன்னோ பாதுகாப்புத் தரம் அடிச்சிருக்கணும். பிளைவுட் கடையில வெட்டின கண்ணாடியை மாட்டிட்டு வந்தா சோதனையில நிக்காது.

வோல்ட்மீட்டர் (9:40)
டெக்ஸாஸ்ல 2025 ஜனவரியில இருந்து தனியார் வண்டிக்குப் பாதுகாப்புச் சோதனையே கிடையாது. ஆனா முத்திரை இருக்குற கண்ணாடியா வாங்குறது நல்லதுதான், அதுல நான் உங்க பக்கம். டெம்பர்டு (சூடுபடுத்தி இறுக்கின கண்ணாடி) வாங்கிட்டு அப்புறம் ஓரம் தேய்க்கலாம்னு மட்டும் நெனச்சுடாதீங்க, தூள் தூளாப் போயிடும். இவர் லேமினேட் எடுத்தது சரி.

கோவை_டிங்கர் (10:05)
நம்ம ஊர்ல இதை யாராவது பண்ணலாம்னு படிச்சிட்டிருந்தா, ஆர்டிஓவைக் கேக்காம கேபினை வெட்டாதீங்க. ஆர்சி புக்ல இருக்குறதுக்கு மாறாப் போனா மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ஆம் பிரிவு இருக்கு. போன மாசம் ஒரு ஜீப்பு வந்துச்சு, "பின்னாடி ஜன்னல் வையுங்க"ன்னு. திருப்பி அனுப்பிட்டேன்.
தம்பி, கையில தள்ளிப் பாத்தீங்களா?

சனிக்கிழமை_மெக்கானிக் (புதன் இரவு 11:50)
தள்ளிப் பாத்தேன். கையிலயும் அதே இடத்துல கடிக்குது. அளந்தேன். மேலே 872 மிமீ, நடுவுல 868, கீழே 871. சேனலைப் போல்ட் பண்ணல, வெல்டிங்தான். நடு பிராக்கெட்டை ரெண்டு பக்கமும் ஒரே இழுப்பா 4 இன்ச் ஓட்டினேன்.

கோவை_டிங்கர் (வியாழன் காலை 6:05)
அதேதான். வெல்டிங் ஆறும்போது தகடு இழுக்கும், ரெண்டு பக்கமும் உள்ளே வந்து நடுவுல இடுப்பு விழுந்திருக்கு. 4 மிமீ போதும், சேனலுக்கு உள்ள ஃபெல்ட் துணி வேற இருக்கு. அந்த பிராக்கெட்டை அறுத்து எடுத்துடுங்க. புதுசா வெல்டிங் பண்ணாதீங்க, பிராக்கெட்ல நீள்ஓட்டை போட்டு போல்ட்ல மாட்டுங்க. கண்ணாடியை உள்ளே வச்சு, மேலே கீழே ரெண்டு தடவை கையில ஓட்டிட்டு, அது எங்க நிக்கச் சொல்லுதோ அங்க இறுக்குங்க.
அப்புறம் தூக்குற சமாச்சாரம். ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் வரைபலகையில அந்த நீளமான ஸ்கேல் எப்பவும் மட்டமாவே ஏறி இறங்கும், பாத்திருக்கீங்களா? அடியில மெல்லிசு கம்பி நாலு கப்பியில குறுக்கால ஓடும், ஒரு ஓரம் தூக்கினா இன்னொரு ஓரமும் அதே அளவு தூக்கும். அதே வித்தையை 2 மிமீ ஸ்டீல் கேபிள்ல கண்ணாடிக்கு அடியில இருக்குற சேனல்ல பண்ணலாம். உங்க மோட்டார் 4 இன்ச் தள்ளியே இருக்கட்டும், பரவாயில்ல.

வோல்ட்மீட்டர் (7:00)
அப்போ பிரேக்கர் விழுந்தது கண்ணாடி இறுகினதால. சரி. ஆனாலும் வயர் மெல்லிசுதான், நான் பந்தயம் கட்டுறேன்.

ஸ்பேனர்_சித்தப்பா (7:20)
ஆரம்பத்துலயே சொன்னேன், விவரம் கொடுத்தா பதில் தானா வரும்னு.

சனிக்கிழமை_மெக்கானிக் (ஞாயிறு இரவு 8:15)
ஓடுது. போல்ட்டுக்கு மாத்தினேன், குறுக்குக் கேபிளும் போட்டேன். 6 செகண்டுல ஏறுது. பின்கண்ணாடி மட்டும் திறந்தா காது தடதடன்னு அடிக்குது, முன்பக்கம் சின்ன முக்கோணக் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்தா நின்னுடுது. கோவை அண்ணனுக்கு நன்றி. எல்லாருக்கும் நன்றி. வயர் மெல்லிசுதான், மாத்திட்டேன்.

வோல்ட்மீட்டர் (8:16)
!!!

மிச்சிகன்_வாசி (8:40)
சந்தோஷம். சைலன்சரை நீட்டினீங்களா?

கறள்பிடிச்சவன் (9:05)
தண்ணித் தொட்டி?

மிச்சிகன்_வாசி (பத்து நாள் கழித்து)
தம்பி, சைலன்சர் என்னாச்சு?

ஒரிஜினல்_மட்டும் (அதே நாள்)
அவர் திரும்பி வந்தா சொல்லுங்க. கழட்டின பழைய சின்னக் கண்ணாடியும், வெட்டி எடுத்த தகடும் தூக்கிப் போடலைன்னா நான் வாங்கிக்கிறேன். தபால் செலவு என்னோடது.