‘நகரமும் நாய்களும்’: நாவலில் பெயரில்லாமல் பேசும் அந்தக் குரலைப் படம் ஏன் கைவிட்டது?

கரையோரம்:
பெரு எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசாவின் 1963 நாவலையும், பிரான்சிஸ்கோ லொம்பார்தி இயக்கிய 1985 படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பேசப்போகிறோம். கதை நடப்பது லியோன்சியோ பிராதோ என்ற ராணுவக் கல்லூரியின் மாணவர் விடுதியில். (நாவல் ஆங்கிலத்தில் ‘த டைம் ஆஃப் த ஹீரோ’ என்ற பெயரில்தான் கிடைக்கும்.) நாவலில் ஒரு பையன் தன் பெயரைச் சொல்லாமலே தன் சிறுவயதையும், திருடக் கற்றதையும், தெரெசா மீதான காதலையும் சொல்லிக்கொண்டே வருகிறான். அவன் யாரென்பது கடைசியில்தான் விளங்குகிறது. படத்தில் அந்த இழை இல்லை. நேரமில்லாமல் வெட்டினார்களா, வேறு காரணம் உண்டா? நாவல் வாசிக்காதவர்களுக்குப் படத்தை முதலில் போடலாமா? களப்பயிற்சியில் குண்டடிபட்டுச் சாகும் மாணவன் அரானாவைச் சுட்டது யார் என்பதில் இரண்டும் ஒரே நிலையில் நிற்கின்றனவா?

(முடிவு வரை பேசுவோம். தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.)

படத்தொகுப்பு:
நேரமும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அதுவல்ல. தாளில் ‘நான்’ என்று எழுதினால் வாசகருக்கு முகம் தெரியாது. திரையில் அந்த ‘நான்’ ஒரு நடிகரின் குரலாகவோ ஒரு சிறுவனின் முகமாகவோ வந்தே ஆகவேண்டும். அந்த ‘நான்’ கடைசியில் ஜாகுவார் என்ற முரட்டு மாணவன்தான்; அவனாக நடித்தவரின் குரலையே போட்டால் முதல் நிமிடத்திலேயே குட்டு உடைந்துவிடும். முன்பின் தெரியாத ஒரு சிறுவனைக் காட்டினால் பார்ப்பவர்கள் கதையை விட்டுவிட்டு ‘இவன் யார்’ என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

நாவலில் இந்த மறைப்பு சும்மா வித்தைக்காகச் செய்ததல்ல. விடுதியில் எல்லோரையும் நடுங்கவைக்கும் ஜாகுவாரையும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக ஏங்கும் அந்தப் பையனையும் நாம் இரண்டு ஆட்களாகவே நினைத்து வாசிக்கிறோம். ஒருவனை வெறுத்து, மற்றவனுக்காக மனமிரங்குகிறோம். இருவரும் ஒருவனே என்று தெரியும்போது நம் தீர்ப்பு ஆட்டம் காண்கிறது. படம் இழந்தது இதைத்தான். பெரிய இழப்பு.

திரைக்கதை எழுதியவர் பெருவின் கவிஞர் ஹொசே வத்தனாபே. இரண்டு பாகம், பாகத்துக்கு எட்டு அத்தியாயம், பின்னுரை என்று காலம் முன்னும் பின்னும் தாவும் நாவலை அவர் நேர்கோட்டில் போட்டார். அப்படிப் போட்டும் கதை நிற்கிறது என்றால், சம்பவங்கள் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கமாக இழுப்பதுதான் காரணம். பகடை உருட்டி, வேதியியல் வினாத்தாளைத் திருட காவா என்ற மாணவனை அனுப்புகிறார்கள். அவன் ஒரு கண்ணாடியை உடைத்துவிடுகிறான். அன்றிரவு காவல் முறையில் இருந்தவர்களுக்கு வெளியே போகத் தடை விழுகிறது. தெரெசாவைப் பார்க்க முடியாமல் தவிக்கும் அரானா, அனுமதிச் சீட்டுக்காகக் காவாவைக் காட்டிக்கொடுக்கிறான். காவா நீக்கப்படுகிறான். பிறகு களப்பயிற்சியில் அரானாவின் தலையில் குண்டு பாய்கிறது. இதில் எந்தக் கண்ணியை எடுத்தாலும் அடுத்தது நடக்காது. அதனால்தான் வெட்டு முழுக்கச் சிறுவயதுப் பகுதிகள் மேலும் நகரத்தின் மேலும் விழுந்தது.

நிலவறை:
யார் சுட்டது என்ற கேள்விக்கு: கல்லூரி நிர்வாகம் சொல்வது, அரானாவின் துப்பாக்கியே தவறி வெடித்தது என்று. அது பொய் என்பதில் வாசகருக்குச் சந்தேகமில்லை. நாவலின் பின்னுரையில் ஜாகுவார், ‘நான்தான் கொன்றேன்’ என்று எழுதி, கல்லூரி அதிகாரியான லெப்டினன்ட் காம்போவாவிடம் நீட்டுகிறான், அவர் அதைக் கிழித்துப்போடுகிறார். அப்படியும் விவாதம் ஓயவில்லை. பிரெஞ்சு விமர்சகர் ரொஜே கய்வா, ஜாகுவார் கொல்லவில்லை, தோழர்களிடம் இழந்த மதிப்பை மீட்கவே பழியை ஏற்றான் என்று வாதிட்டார். எழுதியவரிடமே அதைச் சொன்னார். வர்கஸ் யோசா இதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

என் கருத்தில், அந்த வாதத்துக்கு நாவலிலேயே இடமிருக்கிறது. காட்டிக்கொடுத்தவன் என்று வகுப்பே ஒதுக்கும்போதும் ஜாகுவார், உண்மையில் அதிகாரியிடம் போய்ச் சொன்ன சக மாணவன் ஆல்பெர்த்தோவின் பெயரைச் சொல்வதில்லை. தனிமைப்படுத்தப்படுவது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் முதன்முதலாக அனுபவிக்கிறான். அந்த ஒப்புதலை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

படத்தில் நீங்கள் பின்தொடர வேண்டிய ஆள் காம்போவா. அந்த வேடத்தில் குஸ்தாவோ புவேனோ அசத்தியிருக்கிறார். விதிப்புத்தகத்தை எழுத்துப் பிசகாமல் நம்புகிற ஒரே அதிகாரி, அந்த நம்பிக்கைக்காகவே ஹூலியாக்காவுக்கு மாற்றப்படுகிறார். ஆல்பெர்த்தோவின் வாயை அடைக்க அடி உதை தேவைப்படவில்லை. அவன் மற்ற மாணவர்களுக்கு எழுதிக்கொடுத்த ஆபாசக் கதைகளை எடுத்து மேசைமேல் வைக்கிறார் கல்லூரித் தலைவரான கர்னல், அவ்வளவுதான். என் பார்வையில் ராகிங்கின் உச்சம் இந்தக் காட்சிதான். விடுதியில் பெரியவன் சின்னவனுக்குச் செய்ததைக் கர்னல் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார்.

கீழ்வானம்:
நாவல் முதலில், படம் பிறகு. மாற்றிப் போட்டால் அந்தக் குரலின் மர்மம் போய்விடாது, படத்தில்தான் அது இல்லையே. ஆனால் ஜாகுவாரின் முகம் மனதில் பதிந்துவிட்டால் நாவலின் ‘நான்’ பகுதிகளில் சந்தேகம் சீக்கிரமே அவன்மேல் விழும். நேரமில்லாதவர்களுக்கு முதல் பாகத்தை மட்டுமாவது கொடுங்கள். தடுமாறுவது பெரும்பாலும் பெயர்களில்தான். கவிஞன் என்றால் ஆல்பெர்த்தோ, அடிமை என்றால் அரானா. நிறுத்தக்குறிகூடப் பார்க்காமல் நாயோடு பேசிக்கொண்டிருப்பவன் போவா. மூன்று வரியில் எழுதி முன்பே கொடுத்துவிட்டால் பாதிப்பேர் நடுவில் விடமாட்டார்கள்.

ஒப்பிட இன்னொரு படம் வேண்டுமென்றால், பாட் கான்ராயின் 1980 நாவலை வைத்து ஃபிராங்க் ராடம் எடுத்த ‘த லார்ட்ஸ் ஆஃப் டிசிப்ளின்’ (1983). கதை நடப்பது அமெரிக்காவின் தென் கரோலினாவில். அங்குள்ள ராணுவக் கல்லூரிகள் இடம் தராததால் பெரும்பகுதியை இங்கிலாந்தின் வெலிங்டன் கல்லூரியில் எடுத்தார்கள். அதிலும் காதல் இழைதான் முதலில் வெட்டுப்பட்டது. ஆனால் அங்கே தவறு செய்வது ஒரு ரகசியக் கும்பல், அதைப் பிடித்துவிட்டால் கல்லூரி சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை மிஞ்சுகிறது. லொம்பார்தி அந்த ஆறுதலைத் தருவதில்லை.

கரையோரம்:
நன்றி. லியோன்சியோ பிராதோ உண்மையில் இருக்கும் கல்லூரிதானே? அங்கே எத்தனை வயதில் சேர்ப்பார்கள்?

நிலவறை:
உண்மைக் கல்லூரிதான். லிமாவை ஒட்டிய கயாவோவில், கடலோரத்தில் இருக்கிறது. 1950இல் வர்கஸ் யோசா அங்கே சேர்ந்து இரண்டு ஆண்டு படித்தார். அதிகாரிகளை உருவாக்கும் அகாடமி என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிப்படிப்பின் கடைசி மூன்று ஆண்டுகளை ராணுவ ஒழுங்கில் நடத்துகிற இடம் அது. ‘நாய்கள்’ என்பது புதிதாகச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு மாணவர்கள், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள். படத்தில் நடிகர்கள் வளர்ந்த இளைஞர்களாகத் தெரிவதால் இது மறந்துபோகும். திரையிடும் முன் இந்த வயதைச் சொல்லிவிடுங்கள். நாலு காலில் தவழ்ந்து குரைக்கச் சொல்லும் காட்சியை அப்போது வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.