பான்டூன் படகு (குழாய் மிதவை மேல தட்டையா தளம் இருக்கிற படகு) மணிக்கு 18 மைலைத் தாண்ட மாட்டேங்குது
அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம், லேக் லேனியர் ஏரியில ஓட்டுறோம். 22 அடி, ரெண்டு மிதவைக் குழாய், 90 எச்பி அவுட்போர்டு (பின்னாடி வெளியே மாட்டுற என்ஜின்), 13 அங்குல பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னேற வேண்டிய தூரம்) அலுமினிய புரொப்பெல்லர், கியர் விகிதம் 2.33. போன வருஷம் 23 மைல் போச்சு. மே மாசம் என்ஜினைக் கழட்டி மாட்டினதுக்கு அப்புறம் ஜிபிஎஸ்ல 18தான். ஆர்பிஎம் மட்டும் 5600 தொடுது.

நழுவலே இல்லாம போனா வர வேண்டிய வேகத்தைக் கணக்குப் போட்டேன் (1056 அங்குலத்தை மைலா மாத்துற எண்): 5600 × 13 ÷ (2.33 × 1056) = 29.6 மைல். அப்போ ஸ்லிப் (அந்த வேகத்துல குறையுற பங்கு) 39 சதவீதம்! போன வருஷம் இதே ஆர்பிஎம்ல ஸ்லிப் 22 சதவீதம்தான் இருந்துச்சு.

குழாய்ல இருந்த பாசியைச் சுரண்டியாச்சு, உள்ள தண்ணி இல்ல. புரொப்பெல்லர் நடுவுல இருக்கிற ஹப் நழுவுதான்னு குறுக்க மார்க்கர்ல கோடு போட்டு ஓட்டிப் பார்த்தேன், கோடு இம்மி நகரல. ரெண்டே பேரா போனாலும் அதே வேகம். திரும்பும்போது என்ஜின் அலறுது, பின்னாடி ஒரே வெள்ளை நுரை.

புரொப்பெல்லர் காத்தை இழுக்குதோன்னு சந்தேகம். என்ஜினை மாட்டுற போல்ட் துளையில ஒரு துளை அளவு கீழே இறக்கினா சரியாகுமா?