நூரிக்கு வழியனுப்பு விழா: ஹெலிகாப்டர் இல்லாம பாடாங்குல எப்படிச் செய்யலாம்?

தோட்டத்துப்பள்ளி_செயலவை:
வணக்கம். ஜொகூர், குளுவாங் பக்கத்துல ஒரு தோட்டப் பள்ளி பாடாங்குல (திடல்ல), சேவையிலிருந்து ஓய்வு பெற்ற மலேசிய ஆகாயப்படையோட நூரி ஹெலிகாப்டருக்கு வழியனுப்பு விழா செய்யலாம்னு இருக்கோம். அதுல பறந்தவங்க, பராமரிப்பு வேலை பார்த்தவங்க நிறைய பேர் இந்த வட்டாரத்துலயே குடியிருக்காங்க. தரைப்படையும் நூரியைக் குளுவாங்கிலிருந்து ஓட்டினதால ஊருக்கே பழகின சத்தம் அது. ஆனா இப்போ பறக்க வைக்க ஒன்னும் இல்ல. அதனால தரையில நிஜ அளவுக்குச் சுண்ணாம்புல வரைஞ்சு, பிள்ளைகளை அதுக்குள்ள நிக்க வைக்கலாம்னு யோசனை. அளவுகள் என்ன, எப்படி வரையணும்? செயலவையில சிலர் பொம்பா (தீயணைப்பு) வண்டியை வரவழைச்சு, தண்ணியை வளைவாப் பீய்ச்சி அடிக்கிற தண்ணி வளைவு மரியாதை கேக்குறாங்க, சிலர் சட்டையில தைக்கிற பேட்ச் கேக்குறாங்க. கையில 1,500 வெள்ளி இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அளவுகோல்:
நல்ல யோசனை. பிரதான ரோட்டரோட, அதாவது மேல சுத்துற பெரிய விசிறியோட விட்டம் 18.9 மீட்டர், அதாவது ஆரம் 9.45. முன் பிளேடு நுனியிலிருந்து வால் ரோட்டர் நுனி வரை மொத்த நீளம் சுமார் 22 மீட்டர். ஆள் நடமாட இடம் விட்டு 30க்கு 25 மீட்டர் காலியா இருந்தா தாராளம்.

மையத்துல ஒரு இரும்புக் கம்பியை ஆழமா அடிங்க. நைலான் கயிறு வேண்டாம், இழுத்தா நீளும், வட்டம் கோழிமுட்டையா வரும். அளவு டேப்பே போதும். டேப்போட நுனி வளையம் கம்பியில லேசா சுத்தணும். கட்டி முடிச்சுப் போட்டீங்கன்னா சுத்தச் சுத்த கம்பியில சுருட்டிக்கிட்டு ஆரம் குறையும், தொடங்கின இடத்துக்குத் திரும்பும்போது கோடு சேராது.

பிளேடு அஞ்சு, நடுவுல 72 பாகை. கோணமானி தேவையில்ல. வட்டத்து மேல ஒரு புள்ளியை வச்சு அதிலிருந்து நேர்கோட்டுல 11.11 மீட்டர் அளந்து அடுத்த புள்ளி, அப்படியே சுத்தி வாங்க. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க: சுற்றளவு 59.4 மீட்டரை அஞ்சால வகுத்து 11.88னு எடுத்துக்கிட்டு அதை டேப்பால நேரா அளப்பாங்க. அது வளைவு நீளம், நேர் தூரம் இல்ல. அப்படிச் செஞ்சா கடைசி இடைவெளி ஏழே முக்கால் மீட்டராச் சுருங்கி, பார்த்தவுடனே கோணல் தெரியும். அஞ்சு புள்ளிக்கும் குச்சி நட்டு, கடைசி இடைவெளியும் 11.11 வருதான்னு பார்த்த பிறகு சுண்ணாம்பைத் தொடுங்க. பிளேடு ஒவ்வொன்னும் 46 சென்டிமீட்டர் அகலம்.

வட்டம், பிளேடுகள், உடல் எல்லாம் சேர்த்து கோடு 200 மீட்டர் வரும். மீட்டருக்கு 200 கிராம்னு வச்சா 40 கிலோ. 25 கிலோ மூட்டை ரெண்டு வாங்கிக்கோங்க. வெள்ளையடிக்கிற சுட்ட சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டா தோலையும் கண்ணையும் அரிக்கும், பிள்ளைகள் வெறுங்கால்ல ஓடுற இடம். திடலுக்குக் கோடு போடுறதுக்குன்னே சுண்ணாம்புக்கல் பொடி விக்கிறாங்க, அதைக் கேட்டு வாங்குங்க. நாலு பேர் இருந்தா ரெண்டு மணி நேர வேலை. சாயங்கால மழை நிச்சயம்னு வச்சு, விழா அன்னிக்குக் காலையிலேயே வரைஞ்சிடுங்க.

அஞ்சு_பிளேடு:
அண்ணன் சொன்ன வட்டம் சரி. உடலைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா படத்தைப் பார்த்து வரையுறவங்க இங்கதான் சறுக்குவாங்க.

உடல் நீளம் சுமார் 16.7 மீட்டர், ஆனா ரோட்டர் வட்டத்தோட மையம் அதோட நடுவுல இல்ல. மூக்கு மையத்துக்கு முன்னால 5 மீட்டர்லயே முடிஞ்சிடும், மீதியெல்லாம் பின்னால. உடல் அகலம் 2.2 மீட்டர். ரெண்டு பக்கமும் சக்கரம் உள்ள போற மிதவைப் பெட்டிகளைச் சேர்த்தா 5 மீட்டர் அளவு வரும், அதை விட்டுட்டா நூரி மாதிரியே இருக்காது. வால் ரோட்டரை வட்டமாப் போடாதீங்க. அது செங்குத்தா நிக்கிறது, மேலிருந்து பார்த்தா ஒரு கோடுதான். வாலோட இடது பக்கத்துல, மையத்திலிருந்து 9.5 மீட்டர்ல தொடங்கி 12.7 வரைக்கும்.

உள்ளே இன்னொரு செவ்வகம் போடுங்க: ஏழரை மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். அதுதான் பயணிகள் அறை. 31 இருக்கை இருந்த இடம். 31 பிள்ளைகளைப் பைக்கட்டோட அதுல உக்கார வைங்க. ஆளுக்கு அரைச் சதுர மீட்டர்தான் கிடைக்கும், முட்டி முட்டியோட இடிக்கும். முழு மூட்டையோட காட்டுக்குப் போன சிப்பாய் எப்படி உக்காந்தான்னு எந்தப் பேச்சும் இல்லாமலே புரிஞ்சிடும்.

முக்கியமான விஷயம், பராமரிப்பு ஆளுங்களை மேடையில வரிசையா உக்கார வச்சு பொன்னாடை போட்டு முடிச்சிடாதீங்க. அஞ்சு பிளேடோட அடியில ஆளுக்கு ஒருத்தரா நிக்க வைங்க. அந்த பிளேடோட உள்தண்டு உள்ளீடு இல்லாதது, நைட்ரஜன் அடைச்சு வச்சிருப்பாங்க. வெடிப்பு விழுந்தா அழுத்தம் இறங்கும், அடியில இருக்கிற காட்டி நிறம் மாறும். பறக்கிறதுக்கு முன்னால அஞ்சையும் அண்ணாந்து பார்த்து சரின்னு சொன்னவங்க இவங்கதான். அதைப் பிள்ளைகளுக்கு அவங்க வாயாலேயே சொல்லட்டும். 1968லிருந்து அரை நூற்றாண்டு அது பறந்ததுக்கு விமானியை விட அவங்க கைதான் காரணம், இதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

பொம்பா தண்ணி வளைவு வேண்டாம். அடியில ஊர்ந்து போக ஹெலிகாப்டர் இருந்தாத்தான் அதுக்கு அர்த்தம். அதோட தண்ணி பட்டா காலையில போட்ட கோடு மொத்தமும் கரைஞ்சு ஓடிடும்.

தோட்டத்துப்பள்ளி_செயலவை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பொம்பா விஷயத்தை விட்டுடுறோம். பேட்ச் பத்தி யாராவது? விபத்துகள்ல போனவங்களை நினைவுகூரவும் ஆசை, ஆனா விழாவுல எந்த இடத்துல வைக்கிறதுன்னு கருத்து வேறுபாடு.

ஊசிநூல்:
தம்பி, பேட்ச் 10 சென்டிமீட்டர் வட்டத்துக்கு மேல போக வேண்டாம். எழுத்து உயரம் 5 மில்லிமீட்டருக்குக் கீழ போனா தையல்ல "அ", "ஆ" எல்லாம் அடைச்சுக்கிட்டு கறுப்புப் புள்ளியாத்தான் தெரியும். தமிழ் எழுத்துக்கு 7 வைக்கிறது நல்லது. வாசகம் வேண்டாம், "நூரி 1968"னு மட்டும் போட்டு மேலிருந்து பார்க்கிற அஞ்சு பிளேடு உருவம் போதும். நிறம் நாலுக்குள்ள இருந்தா விலையும் இறங்கும். ஆகாயப்படை, தரைப்படை சின்னங்களை அனுமதி இல்லாம போடவே கூடாது. தைச்ச மாதிரி ஒன்னை நேர்ல பார்த்துட்டுத்தான் மொத்த ஆர்டர் கொடுங்க, திரையில பார்க்கிற பச்சையும் நூல் பச்சையும் ஒன்னா இருக்காது.

வெளிநாட்டுல 2021ல ஜெர்மனி தன்னோட ஹூயி ஹெலிகாப்டர்களை வழியனுப்பும்போது ஒன்னுக்குத் தனி வண்ணமே பூசி விட்டாங்க. நம்மகிட்ட வண்ணம் பூச இயந்திரம் இல்ல, சட்டையில ஒட்டுற இந்த வட்டம் அதுக்கு ஈடு.

நினைவஞ்சலியை முதல்லயே வைங்க. கேக், பாட்டு, சாப்பாடு எல்லாம் அதுக்குப் பிறகு. 2007 ஜூலையில கெந்திங் செம்பா பக்கம் விழுந்த நூரியில 6 பேர் போனாங்க. அந்த மாதிரி பெயர்களை வாசிக்கிறதா இருந்தா குடும்பத்தைக் கேட்டுட்டு வாசிங்க, படம் அச்சடிக்கிறதுக்கும் தனியா கேளுங்க. உச்சரிப்பை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கோங்க. மலாய், சீனப் பெயர்களைத் திக்கித் திக்கி வாசிச்சா உக்காந்திருக்கிற அம்மாவுக்கு வலிக்கும்.

அளவுகோல்:
மழைக்கு மாற்று ஏற்பாடும் வேணும். டேவான் (மண்டபம்) தரையில அஞ்சுல ஒரு பங்கு அளவுக்குப் போட்டா விட்டம் 3.78 மீட்டர், புள்ளிக்குப் புள்ளி 2.22. கோலமாவுலயே போடலாம், ஆனா மின்விசிறியை நிறுத்திட்டுப் போடுங்க. விழாவைக் காலை எட்டரைக்குத் தொடங்குங்க, பதினொன்னுக்கு மேல பாடாங்குல வயசானவங்க நிக்க முடியாது.