தும்மினா ஒண்ணுக்கு கசியுது. அஞ்சு வாரமா கெகல் (இடுப்புக்கு அடியில இருக்கிற தசையை இறுக்கி விடுற பயிற்சி) பண்ணியும் குறையலை, எங்க தப்பு பண்றேன்?

தும்மல்ராணி:
வயசு 38. ரெண்டும் சுகப்பிரசவம். சின்னவளுக்கு இப்ப அஞ்சு வயசு. தும்மல் வரப்போகுதுன்னு மூக்கு அரிச்சாலே கால் ரெண்டும் தானா பின்னிக்குது. இருமினா, பலமா சிரிச்சா, அவளைத் தூக்கினா ரெண்டு மூணு சொட்டு. போன மாசம் அவகூட ஸ்கிப்பிங் ஆடினேன், நாலாவது குதியிலேயே நனைஞ்சுபோச்சு. "அவ்ளோதானாம்மா?"ன்னு கேட்டா. கால் சுளுக்கிக்கிச்சுன்னு பொய் சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்.

அவசரமா வந்து அடக்க முடியாம போறது கிடையாது. ராத்திரியும் தொந்தரவு இல்லை. யூரின் டெஸ்ட்ல இன்ஃபெக்‌ஷன் இல்லைன்னு வந்துச்சு. "கெகல் பண்ணுங்க"ன்னு டாக்டர் ஒரே வரில முடிச்சிட்டார். வீடியோ பார்த்து ஒரு நாளைக்கு 200 தடவை பண்றேன். ஒண்ணுக்குப் போகும்போது பாதியில நிறுத்திப் பழகச் சொன்னாங்க, அதுவும் நடக்குது. வயிறு வலிக்குதே தவிர கசிவு அப்படியே இருக்கு. ஆபரேஷன்தான் வழியா?

பிசியோஅக்கா:
வயிறு வலிக்குதுன்னு எழுதினீங்க பாருங்க, விஷயம் அங்கதான் இருக்கு. வலிக்கவேண்டியது வயிறே இல்லை. மூச்சை அடக்கி, வயித்தை இறுக்கி, கீழ்ப்பக்கமா முக்குறீங்கன்னு நினைக்கிறேன். என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் முதல் நாள் இதைத்தான் செய்வாங்க. வாயால சொன்னா புரியற தசை இல்லை இது. 1948-ல இந்தப் பயிற்சியைப் பத்தி எழுதின அமெரிக்க டாக்டர் அர்னால்ட் கெகல்கூட, சரியா இறுக்குறாங்களான்னு பார்க்க பெரினியோமீட்டர்னு ஒரு கருவி வெச்சிருந்தார். இப்ப பேர் மட்டும் பரவிடுச்சு, சரிபார்க்கிற வேலையை விட்டுட்டோம்.

இன்னிக்கு ராத்திரி முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்க. யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல விரலை வெச்சு, காத்துப் பிரியாம அடக்குற மாதிரி இறுக்கி உள்ளே, மேலே இழுங்க. விரலுக்கு அடியில உள்வாங்கணும். வெளியே புடைச்சா முக்குறீங்கன்னு அர்த்தம். மூச்சு ஓடிக்கிட்டே இருக்கணும், பிட்டமும் தொடையும் சும்மா கிடக்கணும்.

200 வேண்டாம். தளர்த்த நேரம் கொடுக்காம இறுக்கிக்கிட்டே இருந்தா தசை சோர்ந்துபோகும். ஒரு தடவைக்கு 8, நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். ஒவ்வொண்ணும் முடிஞ்ச அளவு நீளமா பிடிச்சு, அதே அளவு முழுசா விடுங்க. கூடவே சட்டு சட்டுன்னு சில வேக இறுக்கம், தும்மலுக்கு அந்த வேகம்தான் தேவை. ஒண்ணுக்கைப் பாதியில நிறுத்துறதை இன்னியோட விடுங்க, மூத்திரப்பை முழுசா காலியாகாம போகலாம். உள்பரிசோதனை செஞ்சு சொல்லித்தர்ற பிசியோகிட்ட ஒரு தடவையாவது காட்டுங்க. இடுப்புல வலி, யூரின்ல ரத்தம், கீழே ஏதோ இறங்கின மாதிரி உணர்வு இருந்தா முதல்ல டாக்டர்.

மழைக்காதலன்:
என் மனைவி தண்ணி குடிக்கிறதைக் குறைச்சாங்க, சரியாப்போச்சு.

பிசியோஅக்கா:
சார், தண்ணியைக் குறைச்சா யூரின் கெட்டியாகி எரியும், மலச்சிக்கல் வரும், முக்கி முக்கி இந்தத் தசை இன்னும் தளரும். தயவுசெஞ்சு அவங்களைப் பழையபடி குடிக்கச் சொல்லுங்க.

நாப்பத்தாறு:
எனக்கும் இதே கதைதான். ஆறு வருஷம் பேட் வெச்சுக்கிட்டே வேலைக்குப் போனேன், கறுப்பு பேன்ட் தவிர வேற போட்டதில்லை. என்னைக் காப்பாத்தினது ஒரு சின்னத் தந்திரம்: தும்மலுக்கு *முன்னாடி* இறுக்கணும். மூக்கு அரிக்குதா, உடனே உள்ளே இழுத்து, தும்மி முடியற வரைக்கும் விடக்கூடாது. சேர்ல இருந்து எழும்போதும், பை தூக்கும்போதும் அதேதான். ஆரம்பத்துல தும்மினப்புறம்தான் ஞாபகம் வரும், சிரிப்பும் வரும், அந்தச் சிரிப்புலயும் கசியும்! மூணாவது வாரத்துல கை தானா பிரேக் பிடிக்கிற மாதிரி பழகிடுச்சு. முழுசா நின்னுதான்னு கேட்டா, சளி பிடிச்சா இன்னும் ஒரு சொட்டு உண்டு. ஆனா பேட் இல்லை.

பிசியோஅக்கா:
இவங்க சொன்னது சரி. ஆபரேஷன் பத்திக் கேட்டீங்களே, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுற காக்ரேன் அமைப்போட 2018 ஆய்வுத் தொகுப்புல உங்க மாதிரிக் கசிவு உள்ளவங்கள்ல பயிற்சி செஞ்ச 100 பேர்ல 56 பேர் குணமானதா சொல்லியிருக்காங்க, செய்யாதவங்கள்ல 6 பேர். அதனால முதல்ல மூணு மாசம் ஒழுங்காப் பண்ணிப் பாருங்க. சரிவரலைன்னா பெசரி (யோனிக்குள்ள வெச்சுத் தாங்குற சின்னக் கருவி) இருக்கு, ஆபரேஷனும் இருக்கு, எங்கயும் ஓடிப்போகாது.

தும்மல்ராணி:
கை வெச்சுப் பார்த்தேன்க்கா. வெளியே தள்ளுது! அஞ்சு வாரம், தினம் 200 தடவை, அத்தனையும் எதிர்த்திசையில. பத்து நிமிஷம் போராடினப்புறம் ஒரே ஒரு தடவை உள்ளே இழுத்துச்சு, இதுவான்னு நானே ஆச்சரியப்பட்டேன், அவ்ளோ லேசா இருந்துச்சு. மூணு செகண்ட்தான் நிக்குது, நாலாவதுல நழுவிடுது. வியாழக்கிழமை பிசியோகிட்ட நேரம் வாங்கிட்டேன். அதுவரைக்கும் இந்த மூணு செகண்டை வெச்சே பண்ணலாமா?

பிசியோஅக்கா:
தாராளமா. மூணு பிடி, மூணு விடு.