‘சைன் கட்டிங்’ – நவஹோ துப்பறியும் நாவல்களுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் டோனி ஹில்லர்மனின் நாவல்களைத் தமிழாக்கும்போது ‘சைன் கட்டிங்’ (தேடப்படும் ஆளின் சுவட்டைக் குறுக்கே போய்ப் பிடிக்கும் வேலை) என்பதற்குத் ‘தடவெட்டு’ என்று போடலாமா என்று இந்த இழையைத் தொடங்கிய அம்மா கேட்டிருந்தார்கள். ‘தடமறிதல்’ போதுமே என்று அடுத்த மடலில் ஐயா ஒருவர் எழுதினார். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நவஹோக்கள் அமெரிக்கப் பழங்குடி மக்கள். அவர்களுடைய நவஹோ தேசம் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களில் ஏறக்குறைய 71,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. அவர்களுக்கென்று சொந்தக் காவல்துறை உண்டு. 1970-இல் வந்த முதல் நாவலிலேயே வரும் லெஃப்டினன்ட் ஜோ லீப்ஹார்னும், 1980-இல் வந்து சேரும் ஜிம் ச்சீயும் அந்தக் காவல்துறை ஆட்கள்தான். கைரேகை, ஆய்வகம் எல்லாம் அவர்களுக்கு அப்புறம். முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள்.

தேடப்படுகிற ஆள் மணலில் நடக்கிறவரை காலடி தெரியும். மணற்பாறைப் பரப்பில் ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. அங்கேயே குனிந்து தேடிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். விவரம் தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். ஆள் எந்தத் திக்கில் போயிருப்பான் என்று கணித்து, வெகுதூரம் முன்னே போய்விடுவார். வறண்ட ஓடையின் மணல், வேலியோரம், மண்சாலை என்று அவன் கடந்தே ஆகவேண்டிய ஓர் இடத்தைப் பிடித்து, அவன் போக்குக்குக் குறுக்காக நடந்து பார்ப்பார். அங்கே அடி கிடைத்துவிட்டால் நடுவிலிருக்கும் பாறையைப் பற்றிக் கவலையே இல்லை.

இதற்குக் காலையும் மாலையும்தான் தோதான நேரம். தாழ்ந்த சூரியனுக்கும் தமக்கும் நடுவில் தரை இருக்கும்படி நின்றுகொண்டால், விரல் அளவு பள்ளத்துக்கும் நிழல் விழும். உச்சிவெயிலில் அதே அடி கண்ணில் படாது. விளிம்பு கூராக இருந்தால் புதிய அடி, காய்ந்து உதிர்ந்திருந்தால் பழையது. இரவில் ஊரும் பூச்சி அடியின் மேல் கோடு போட்டிருந்தால், ஆள் விடிவதற்கு முன்பே போய்விட்டான் என்று பொருள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘குறுக்கே வெட்டிப் போ’ என்று நாம் பேச்சில் சொல்வதுண்டு; அந்த வகையில் ‘வெட்டு’ தவறில்லை. ஆனால் தடத்தோடு அதைச் சேர்த்தால் பாதை வெட்டுவது, கால்வாய் வெட்டுவது போலத்தான் காதில் விழும். ‘தடமறிதல்’ அடியைப் பின்தொடர்ந்து போகும் வேலைக்கு நன்றாகப் பொருந்தும். இங்கே நடப்பது வேறு வேலை. லீப்ஹார்னின் கெட்டிக்காரத்தனமே பின்னால் போகாமல் முன்னால் போவதில் இருக்கிறது. அது அந்தச் சொல்லில் காணாமல் போகிறது. ‘தடமறிப்பு’ என்று மாற்றினாலும் மறிப்பு என்பதை அறிதல் என்றே வாசிப்பார்கள்.

‘குறுக்குநடை’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இந்த வேலையைக் குதிரையிலும் வண்டியிலும் போய்ச் செய்கிறார்கள். நாவலுக்கு வெளியேயும் இது புழங்கும் தொழிற்சொல். அமெரிக்க எல்லைக் காவலர்களும், தெற்கு அரிசோனாவின் தொஹோனோ ஓதாம் நிலத்தில் கடத்தல்காரர்களைத் தேடும் பழங்குடிக் காவலர்களும் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள். அதனால் நடையோடு கட்டிப்போட வேண்டாம்.

என் பரிந்துரை ‘குறுக்குத்தேடல்’. வினையாகவும் தடையில்லாமல் வரும்: ‘ஓடைக்கு அந்தப் பக்கம் குறுக்கே தேடிப் பார்த்தாயா?’ என்று ஒரு காவலர் இன்னொருவரிடம் கேட்டால் உரையாடலில் உறுத்தாது. ‘சைன்’ என்பதற்குச் ‘சுவடு’ போதும். புரண்ட கல், மிதிபட்ட புல், அறுந்த சிலந்திவலை எல்லாம் அதில் அடங்கும். ‘தடயம்’ நல்ல சொல்தான், ஆனால் இன்று அது நீதிமன்றத்துக்கும் தடய அறிவியலுக்கும் போய்விட்டது. திறந்தவெளிக்குத் திருப்பிக் கொண்டுவருவது கடினம்.

ஹோகன் (நவஹோ வீடு), ஹதாலி (சடங்குப் பாட்டுப் பாடி நோய் தீர்ப்பவர்) போன்ற நவஹோ சொற்களை அப்படியே வைப்போம். ஹோகனைக் ‘குடிசை’ என்று எழுதினால், கிழக்கே வாசல் வைத்துச் சடங்கோடு கட்டப்படும் வீடு வெறும் ஏழை வீடாகிவிடும். ஜிம் ச்சீ கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஹதாலியின் சடங்குப் பாட்டும் ‘மந்திரவாதி’ என்ற சொல்லில் செத்துப்போகும். ஹில்லர்மன் வெளியாள், அப்படியிருந்தும் நவஹோ தேசம் 1987-இல் அவரைத் தன் மக்களின் சிறப்பு நண்பர் என்று கௌரவித்தது. அவர் எடுத்துக்கொண்ட கவனத்தில் பாதியாவது நமக்கு வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. எல்லைக் காவலர்கள் மண்சாலையில் பழைய டயர்களை இழுத்துப்போய்த் தரையைச் சமன்செய்து வைப்பார்கள். அடுத்து யார் கடந்தாலும் அடி தெளிவாக விழும். அந்தச் சாலைக்கு ‘பரம்புச்சாலை’ என்று சொல்லலாமா? உழுத வயலில் பரம்படிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். உழவுச் சொற்கள் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.