முன்னெட்டமா, பணித்தூரமா? – ‘வொர்க்கிங் டிஸ்டன்ஸ்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

மாங்குளத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

பாடசாலைச் சுற்றாடல் கழகப் பிள்ளைகளுக்காக, நகருயிர்களையும் ஈரூடகவாழிகளையும் படமெடுப்பது பற்றி ஒரு சிறு கைந்நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழகத்து அன்பர்கள் ஊர்வன, இருவாழ்விகள் என்று வாசித்துக்கொள்ளவும். கமரா, வில்லை, துவாரம், உருப்பெருக்கம் வரைக்கும் தடையில்லாமல் வந்துவிட்டேன். ‘வொர்க்கிங் டிஸ்டன்ஸ்’ வந்ததும் பேனா நின்றுவிட்டது.

100 மி.மீ. மக்ரோ வில்லை (சின்ன உயிர்களை மிகக் கிட்ட எடுப்பதற்கானது) ஒன்றை வாங்கினால், மிகக் கிட்டத்தில் 30 செ.மீ. வரை குவிக்கலாம் என்று அதன் விவரத்தாளில் இருக்கும். அந்த 30 செ.மீ. கமராவுக்குள் இருக்கும் உணரியிலிருந்து அளக்கப்படுவது. கமராவின் மேற்பக்கத்தில் ஒரு சிறு வட்டத்தை ஊடறுத்துக் கோடொன்று கீறியிருக்கிறதே, அதுதான் அளவு தொடங்கும் இடம். கமராவின் உடலும் வில்லையின் நீளமும் அந்த 30 செ.மீ.க்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வில்லையின் முன்கண்ணாடிக்கும் தேரையின் மூக்குக்கும் நடுவில் மிஞ்சுவது ஏறத்தாழ 13 முதல் 15 செ.மீ. வரைதான். ஒளிமறைப்பு வளையத்தை மாட்டினால் அதுவும் குறையும்.

அந்த மிச்சத்துக்குத்தான் பெயர் வேண்டும். ‘இடைவெளி’ என்று எழுதிப் பார்த்தேன். எந்த இடைவெளி என்று பிள்ளைகள் கேட்பார்கள். தேரைக்கு முன்னால் 30ஐயும் 15ஐயும் குழப்பிக்கொண்டால் படம் கலங்கும், அவ்வளவுதான். புடையனுக்கு (தமிழகத்தில் விரியன்) முன்னால் குழப்பிக்கொண்டால் வைத்தியசாலை.

மதுரையிலிருந்து

வணக்கம். நுண்ணோக்கிப் பாடத்திலும் இதே சொல் வருகிறது. பொருளருகு வில்லைக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையிலான தூரம். ‘பணித்தூரம்’ என்று எழுதிவிடலாம். மூலச்சொல்லோடு ஒட்டியிருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. ‘செயல்தூரம்’ இன்னொரு வாய்ப்பு.

முத்தையன்கட்டிலிருந்து

மதுரை அன்பர் கோபிக்கக் கூடாது. ‘பணித்தூரம்’ என்றால் எங்கள் ஊரில் வீட்டுக்கும் கந்தோருக்கும் உள்ள தூரம் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதுபவருக்கு நல்ல சொல். ‘செயல்தூரம்’ என்பதிலும் யார் செயல், என்ன செயல் என்று தெரியவில்லை. மூலச்சொல்லில் இருக்கும் ‘வேலை’ அங்கேயே இருக்கட்டும். இந்தத் தூரம் என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போம்.

முதலில் வெளிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் ஓரமாக இரவில் போனால் மாரித்தவளைகளின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த நேரத்தில் மின்வெட்டொளி (ஃபிளாஷ்) இல்லாமல் படமில்லை. தவளையின் ஈரத் தோல் கண்ணாடியைப் போல வெளிச்சத்தைத் தெறிக்கும். தோலில் தெரியும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் நமது விளக்கின் உருவம்தான். விளக்கு சிறிதாகத் தெரிந்தால் புள்ளி கூர்மையாக எரியும். பெரிய வெண்திரைக்குப் பின்னால் விளக்கை வைத்துக் கிட்டக் கொண்டுபோனால் அதே புள்ளி பரந்து மென்மையாகிவிடும், தோலின் நிறமும் வெளியே வரும். அதனால் கிட்டப் போவதில் லாபம் உண்டு. ஆனால் 60 மி.மீ. மக்ரோவில் முழு உருவளவுக்கு, அதாவது விலங்கின் உருவம் உணரியில் அதன் உண்மை அளவிலேயே விழும் நிலைக்கு, இறங்கினால் வில்லையே தவளைமேல் நிழல் போடுகிற அளவுக்கு நெருங்க வேண்டும். 15 மி.மீ. அகல்கோண மக்ரோ என்று ஒன்று இருக்கிறது. அதில் முழு உருவளவு வேண்டுமென்றால் முன்கண்ணாடிக்கும் விலங்குக்கும் அரைச் சென்ரிமீற்றர்கூட இல்லை. வெளிச்சம் எந்த வழியால் உள்ளே போகும்? மறுபக்கம், 180 மி.மீ. வில்லையில் ஒரு சாணுக்குமேல் இடம் கிடைக்கும், விளக்குத் திரையோ அந்தத் தூரத்தில் சுருங்கித் தெரியும், புள்ளி மறுபடியும் எரியும். நான் 100ஐ விட்டு அசையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம், தவளைகளைப் பொறுத்தவரை.

அடுத்தது விலங்கின் மனநிலை. மரத்தவளை தண்ணீருக்கு மேலே கிளையில் நுரைக்கூடு கட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய கறுப்பு வட்டத்தை அதன் முகத்துக்கு நேரே நீட்டினால் வேலையைப் பாதியில் விட்டுவிடலாம். அந்த நேரத்தில் தொலைவிலிருந்து ஒரு படம் போதும் என்று வந்துவிடுவதே மரியாதை. கண்கொத்திப் பாம்பு இதற்கு நேர்மாறு. தன்னை இலை என்று நாங்கள் நம்புகிறோம் என்ற நம்பிக்கையில் அசையாமல் கிடக்கும். அதன் கண்மணி கிடையாகக் கிடக்கும் சாவித்துவார வடிவம். அதை மட்டும் கூர்மையாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் மங்கினாலும் படம் நிற்கும். வடக்குக் கரையோர மணலில் ஓடித் திரியும் விசிறித்தொண்டை ஓணான் கிட்டவே சேர்க்காது. 2015இல் இலங்கையின் விசிறித்தொண்டை ஓணான்களை இரண்டு புதிய இனங்களாக விவரித்தார்கள். வடக்கில் உள்ளது சிடானா தேவகாய். ஆண் ஒரு மேட்டில் ஏறித் தொண்டையை விரிப்பதைப் படமாக்க 300 மி.மீ. வில்லையும் பொறுமையும் வேண்டும், மக்ரோ பெட்டிக்குள் இருக்கட்டும்.

மூன்றாவது, நமது கையும் முகமும். பாம்பு தன் உடல் நீளத்தில் பாதிவரை பாயும் என்பது பொதுக் கணக்கு. ஒரு மீற்றர் நீளமான முத்திரைப்புடையனுக்கு (கண்ணாடி விரியனுக்கு) அது அரை மீற்றர். 100 மி.மீ. மக்ரோவின் 15 செ.மீ. எங்கே, அந்த அரை மீற்றர் எங்கே! வயல் வரம்பில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துச் சோம்பேறி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் புடையனிடம் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை மெகாபிக்சல் என்பதல்ல. இந்த வில்லை என்னை எவ்வளவு எட்ட நிற்க விடும் என்பதுதான்.

இங்கேதான் சொல் கிடைக்கிறது. கிணற்றடியில் பாம்பைக் கண்டால் தாய் பிள்ளையிடம் என்ன சொல்வாள்? “எட்ட நில்!” தூரம் என்று யாரும் சொல்வதில்லை. எட்டம் என்பது எங்களிடம் உயிரோடு இருக்கிற சொல், கிட்டத்துக்கு எதிர்ச்சொல். வில்லைக்கு முன்னால் உள்ள எட்டம், முன்னெட்டம். ‘இந்த வில்லைக்கு முன்னெட்டம் போதாது’ என்று சொன்னால் வில்லையைக் கண்ணால் காணாதவருக்கும் அபாயம் விளங்கும்.

ஒரு பக்கக் குறிப்பு, கைந்நூலில் கட்டாயம் சேர்க்க வேண்டியது. தரையோடு படுத்து விலங்கின் கண்மட்டத்தில் எடு என்று எல்லா ஊர்ப் புத்தகங்களும் சொல்லும். நல்ல அறிவுரைதான். ஆனால் கண்ணிவெடி உண்டு என்று மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கும் பக்கத்தில் படுக்கவும் கூடாது, பாதையை விட்டுக் காலெடுத்து வைக்கவும் கூடாது, அங்கே நட்சத்திர ஆமை குட்டிகளோடு ஊர்வலம் போனாலும்.

வவுனியாவிலிருந்து

நான் பௌதிகவியல் கற்பிப்பவன். முன்னெட்டம் பற்றி எனக்கு மறுப்பில்லை. அதன் பக்கத்தில் நிற்கப்போகும் மற்றச் சொல்லைப் பற்றித்தான் கவலை.

தங்கை தனது கைந்நூலில் உணரியிலிருந்து அளக்கும் தூரத்தை ‘இழிவுக் குவியத்தூரம்’ என்று எழுதிவிடக் கூடாது. குவியத்தூரம் என்பது எங்கள் பாடநூல்களில் வேறொன்றுக்கு எப்போதோ போய்விட்டது: 100 மி.மீ. என்று வில்லையில் பொறித்திருக்கிறதே, அது. இழிவுக் குவியத்தூரம் என்றால் பெருக்கு வில்லை (ஸூம்) ஒன்றின் 70 முதல் 300 வரையில் 70 என்றுதான் என் மாணவர்கள் எழுதுவார்கள், அதற்குப் புள்ளி கொடுக்காமலும் இருக்க முடியாது. ‘இழிவு’ என்பது எங்களுக்கு மிகக்குறைந்த அளவு. கடலுக்கு அப்பால் வசைச்சொல். அதையும் தவிர்ப்போம். கண்ணுக்கு அண்மைப்புள்ளி இருக்கிறது. அதை ஒட்டி ‘அண்மைக் குவிப்பெல்லை’ என்று வைக்கலாம். எல்லை என்ற சொல் வருவதால், இதற்கு மேல் நெருங்கினால் வில்லை குவிக்காது என்பதும் சேர்ந்து வருகிறது.

காசில்லாத பிள்ளைகளுக்காக இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்ரோ வில்லை வாங்க முடியாவிட்டால், 300 மி.மீ. வரை நீளும் சாதாரணப் பெருக்கு வில்லையின் முன்னால் ஒரு குவிவு வில்லையைத் திருகிப் பொருத்தினால் போதும். பெருக்கு வில்லையை முடிவிலிக்குக் குவித்து வைத்தால், முன்னெட்டம் அந்தத் திருகுவில்லையின் குவியத்தூரத்துக்குச் சமம். வலு 2 டயொப்டர் என்றால் 50 செ.மீ. பெருக்கு வில்லை எதுவானாலும் அந்த 50 மாறாது, உருப்பெருக்கம்தான் மாறும். 300 மி.மீ.இல் 300ஐ 500ஆல் வகுக்க 0.6. ஒரு தேரையின் முகத்துக்கு இது தாராளம். திருகுவில்லையைக் கழற்றினால் அதே வில்லை புடையனுக்கும் உதவும், ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று.

துவாரத்தைப் பற்றி ஒரு வரி. முழு உருவளவில் துவார எண்ணை 11இல் (f/11) வைத்தால் ஒளியைப் பொறுத்தவரை அது 22 போல நடந்துகொள்ளும். இன்னும் மூடினால் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும், ஆனால் கோணல் விளைவால் (தமிழகத்தில் விளிம்பு விளைவு) முழுப் படமும் மழுங்கும். 11ஐத் தாண்டாதீர்கள்.

மதுரையிலிருந்து

பணித்தூரத்தை நான் கைவிடத் தயார். அந்த இடமாற்ற விண்ணப்பத்தைப் படித்தபின் எனக்கே அது வேறு மாதிரி ஒலிக்கிறது. எங்கள் பக்கமும் ‘எட்டி நில்’ என்பார்கள். இருந்தாலும் இரண்டு தயக்கங்கள்.

ஒன்று, எட்டுதல் என்றால் கைக்குக் கிடைத்தல். ‘எட்டாக்கனி’ என்கிறோம். ஒருவர் முன்னெட்டம் என்பதை ‘முன்னால் எட்டும் அளவு’ என்று புரிந்துகொண்டால்?

இரண்டாவதுதான் பெரியது. சொல்லை ஒருமுறை தட்டச்சு செய்து பாருங்கள். பிழைதிருத்தி அதை உடனே ‘முன்னேற்றம்’ என்று மாற்றிவிடுகிறது. “விரியனைப் படமெடுக்க முன்னேற்றம் அதிகம் உள்ள வில்லையைத் தேர்ந்தெடுக்கவும்” என்று அச்சாகிவிட்டால் யார் பொறுப்பு? ‘வில்லையெட்டம்’ என்றால் இந்த ஆபத்து இல்லையே.

முத்தையன்கட்டிலிருந்து

முதல் தயக்கம் எனக்குத் தயக்கமாகவே படவில்லை. வில்லைக்கு எட்ட வேண்டும், பாம்புக்கு எட்டக் கூடாது; இரண்டு பொருளும் அந்தத் தூரத்துக்கு உரியவைதான். வாசிப்பவர் எதை எடுத்துக்கொண்டாலும் கெட்டுப்போகாது.

வில்லையெட்டத்தில் வேறு சிக்கல். வில்லைக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. பின்முனைக்கும் உணரிக்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது, அதற்கும் நாளைக்கு யாராவது பெயர் கேட்பார்கள். அப்போது பின்னெட்டம் என்று கையில் தயாராகக் கொடுக்கலாம். முன்னெட்டம், பின்னெட்டம் என்று சோடி சேர்கிறது. பிழைதிருத்தியைப் பற்றி நான் என்ன சொல்ல? அது ‘கபரக்கொய்யன்’ (நீர் உடும்பு) என்று எழுதினாலும் சிவப்புக் கோடு போடுகிறது. அதற்காக அந்த விலங்கின் பெயரை மாற்ற முடியுமா? தட்டச்சுச் செய்பவர் அகராதியில் ஒருமுறை சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

மாங்குளத்திலிருந்து

அண்ணாவுக்கும் ஆசிரியருக்கும் மதுரை ஐயாவுக்கும் நன்றி. முன்னெட்டம், அண்மைக் குவிப்பெல்லை இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்க்கும்போது ‘முன்னேற்றம்’ என்ற சொல்லை மட்டும் தனியாகத் தேடிப் பார்ப்பேன். அந்தப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

“வில்லையின் முன்கண்ணாடிக்கும் விலங்குக்கும் இடையில் உள்ள தூரம் முன்னெட்டம். விவரத்தாளில் இருப்பது அண்மைக் குவிப்பெல்லை. அது கமராவின் உணரியிலிருந்து அளக்கப்படுவதால் முன்னெட்டத்தைவிட எப்போதும் பெரிது. அண்மைக் குவிப்பெல்லை 30 செ.மீ. ஆன 100 மி.மீ. மக்ரோவின் முன்னெட்டம் ஏறத்தாழ 15 செ.மீ. தவளைக்கும் தேரைக்கும் அது போதும். நஞ்சுள்ள பாம்புக்கு, அதன் முழு உடல் நீளத்தைவிடக் கூடிய முன்னெட்டம் வேண்டும். அது கிடைக்காத வில்லையோடு கிட்டப் போக வேண்டாம். எந்த விலங்கையும் படத்துக்காகப் பிடிக்கவோ, கல்லைப் புரட்டிவிட்டு அப்படியே விட்டுவரவோ கூடாது. நட்சத்திர ஆமையின் படத்தை இணையத்தில் போடுமுன் அதில் பதிந்துள்ள இடக்குறிப்பை அழித்துவிடவும். 2019 முதல் அதன் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தாலும், திருடுபவர்கள் வரைபடம் பார்த்தே வருவார்கள்.”

மின்வெட்டொளியின் முன்னால் மாட்டும் வெண்திரைக்கு ‘பரப்பி’ என்று எழுதலாமா?

வவுனியாவிலிருந்து

பரப்பி நன்று. ‘பரவல்’ என்ற பாடநூல் சொல்லோடும் உறவு இருக்கிறது.

பத்தியில் ஒரு திருத்தம். 15 செ.மீ. என்ற எண்ணுக்கு முன்னால் ‘முழு உருவளவில்’ என்று சேர்க்கவும். பாதி உருவளவில் எடுத்தால் முன்னெட்டம் கூடும். குவிக்கும்போது முன்பக்கம் நீண்டுவரும் பழைய வில்லைகளும் இருக்கின்றன. அவற்றில் முன்னெட்டம் இதைவிடக் குறையும். ஆகவே பிள்ளைகள் தங்கள் வில்லையை மேசைமேல் வைத்து, ஒரு தீப்பெட்டியை முழு உருவளவில் குவித்து, முன்கண்ணாடியிலிருந்து அடிமட்டத்தால் அளந்து, அந்த எண்ணை வில்லை மூடியின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டட்டும்.