டிங்கி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு 40ஜி: உரிக்கலாமா, அப்படியே விடலாமா?

பச்சைமோரிஸ்:
வண்டி இதுதான்: டிங்கி கம்பெனியின் பழைய பொம்மைக் கார், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, மாடல் எண் 40ஜி (1954இல் 159 என்று எண் மாறியது). மஸாக் என்ற துத்தநாகக் கலவையில் வார்த்த பாடி, தகர அடித்தட்டு, உலோகச் சக்கர ஹப், ஜன்னல் கண்ணாடி கிடையாது. பளபளப்பான பச்சை, கூரை விளிம்பிலும் பானெட் முனையிலும் உலோகம் தெரிகிறது. டயர் வெடித்துவிட்டது. அடித்தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ரிவிட் தலையிலும் பச்சை ஏறியிருக்கிறது. பழைய பெயிண்டை முழுக்க உரித்துப் புதிதாக அடிக்கலாமா?

காஸ்டிக்பக்கெட்:
தாராளமா. ஒரு லிட்டர் வெந்நீர், ஒரு மேசைக்கரண்டி காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போடணும், சோடா மேல தண்ணி ஊத்தக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் பக்கெட் போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து பழைய பல் துலக்கியால தேய்ங்க. பெயிண்ட் தோலா கழன்று வரும்.

சுரண்டாதே:
10 நிமிஷத்தில் கழலாவிட்டால் ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விடுவார்கள், அங்கேதான் கதை முடியும். மஸாக் என்பது துத்தநாகமும் சுமார் 4 சதவீதம் அலுமினியமும். இரண்டையுமே காஸ்டிக் தின்னும். பாத்திரத்தில் எழும் குமிழி ஹைட்ரஜன், அதாவது உங்கள் வண்டியே கரைந்துகொண்டிருக்கிறது. முதலில் போவது கிரில் கோடுகளும் கதவு விளிம்பும்தான். அதன்பின் எத்தனை கோட் அடித்தாலும் சோப்பில் செய்த கார் மாதிரிதான் இருக்கும். தகரத் தட்டின் வெள்ளீயப் பூச்சும் தப்பாது.

காஸ்டிக்பக்கெட்:
நேரம் பார்த்து எடுத்தா ஒண்ணும் ஆகாது சார். உலகம் பூரா இதைத்தான் பண்றாங்க.

எம்2தட்டு:
உரிக்கவே வேண்டும் என்றால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கூழ் வகை பெயிண்ட் ரிமூவர் மேல். தடவி, பாலித்தீனில் சுற்றி, 20 நிமிடம். மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள், ஆவி மோசம். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு உப்புத்தாளை உலர்வாகப் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் தண்ணீர் விட்டுத்தான்.

அதற்கு முன் தட்டைக் கழற்ற வேண்டும். ரிவிட் என்கிறோமே தவிர அது பாடியோடு சேர்ந்து வார்த்த தூண், நுனியை நசுக்கி விட்டிருக்கிறார்கள். தலையைவிட ஒரு பொடி சின்ன பிட்டைக் கைத் துளைப்பானில் மாட்டி, தலையை மட்டும் சீவுங்கள். மெல்லிய வளையம் பிட்டோடு சுற்ற ஆரம்பித்தால் நிறுத்திவிடலாம். பிறகு தூணின் நடுவில் புள்ளி குத்தி 1.6 மில்லி ஓட்டை, 4 மில்லி ஆழம், எம்2 டேப் (2 மில்லி திருகுக்கு ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி). ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பிட்டில் ஆழத்துக்கு ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வைக்காமல் துளைத்தால் பானெட் வழியாக வெளியே வரும். மரை டேப் உள்ளேயே உடைந்தால் அந்தத் தூணை மறந்துவிடலாம்.

சுரண்டாதே:
இவ்வளவும் எதற்கு என்பதுதான் என் கேள்வி. பாதிப் பெயிண்ட் போன அசல் வண்டியை, அழகாக மறுபூச்சு அடித்ததைவிட அதிகம் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. அசல் பூச்சு சூளையில் சுட்ட எனாமல். ஸ்ப்ரே டப்பாவில் அது வராது. டயரை மட்டும் மாற்றுங்கள். ஹப் விட்டத்தை வெர்னியரில் அளந்து, புது டயரை வெந்நீரில் போட்டு இளக்கினால் ரிவிட்டைத் தொடாமலே ஏறிவிடும். நம் ஊர் ஹிந்துஸ்தான் 14 கார் இந்த மோரிஸின் உடன்பிறப்பு. அதற்காகவாவது மரியாதை கொடுங்கள்.

எம்2தட்டு:
மரியாதை எல்லாம் சரி. கேள்வியைப் படித்தீர்களா? ரிவிட் தலையில் பச்சை இருக்கிறது. ஆலையில் பாடிக்குப் பெயிண்ட் அடித்து, அதன்பின் தட்டை வைத்து நுனியை நசுக்கினார்கள். ஆக அசல் தலையில் நசுங்கிய வெற்று உலோகம் தெரிய வேண்டும். தலைமேலேயே பெயிண்ட் என்றால் யாரோ தட்டோடு சேர்த்து ஒருமுறை அடித்துவிட்டார்கள். நீங்கள் காப்பாற்றச் சொல்வது அந்த ஆளின் பெயிண்டை.

சுரண்டாதே:
அது என் கண்ணில் படவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் ரிமூவர் வேண்டாம். தட்டோடு அடித்திருந்தால் பாடியின் உள்பக்கம் அசல் நிறம் அப்படியே இருக்கும், வெளியிலும் அடியில் மிச்சம் இருக்கலாம். மேல் கோட் காற்றில் காய்ந்த எனாமல், கீழே சுட்டது. காது துடைக்கும் பஞ்சை என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்து, கதவுக்குக் கீழே உள்விளிம்பில் ஒரு நிமிடம் வையுங்கள். மேல் கோட் சுருங்கி வழுக்கும். அசல் அவ்வளவு சீக்கிரம் அசையாது. பஞ்சில் வேறு பச்சை தெரிந்ததும் நிறுத்துங்கள். விரல் அகலம் விரல் அகலமாக முழு வண்டியையும் அப்படியே எடுக்கலாம். ஒரு வாரம் ஆகும்.

காஸ்டிக்பக்கெட்:
ஒரு வாரமா! அதுக்குள்ள நான் நாலு லாரி முடிச்சிருப்பேன்.

சுரண்டாதே:
முடிப்பீர்கள். நான்கும் சோப்பு லாரி.

பச்சைமோரிஸ்:
பஞ்சில் சோதித்தாயிற்று. வலது பக்கம் மேல் பச்சைக்கு அடியில் கரும்பச்சை நிற்கிறது. இடது மட்கார்டில் ஒன்றும் இல்லை, நேராக உலோகம். முன்பு அடித்தவர் அங்கே தேய்த்துவிட்டிருக்கிறார்.

எம்2தட்டு:
அப்போது அந்த மட்கார்டுக்கு மட்டும் புதுப் பெயிண்ட். நிறத்துக்குப் பாடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், வெயில் படாத இடம். வெற்று உலோகத்தில் எனாமலை நேராக அடிக்காதீர்கள். எண்ணெய் பெயிண்ட் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாகி ஏடு ஏடாகக் கழலும். எட்ச் பிரைமர் (வெற்று உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) மெல்லிசாக ஒன்று, பிறகு இரண்டு மெல்லிய கோட், 20 செ.மீ. தள்ளி. ஐப்பசி மழையில் என்சி பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும், வெயில் நாள் பாருங்கள். உள்பக்கத்தில் நூலிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈயக் கலப்பால் உலோகம் உப்பி வெடிப்பது பெரும்பாலும் 1930களின் டிங்கிகளில்தான். இருந்தால் துளைக்கவே கூடாது, தூண் தூளாகிவிடும்.

சுரண்டாதே:
மட்கார்டு மட்டும் என்றால் சரி. தட்டைக் கழற்றினால் எம்2 திருகுக்குக் கருப்பு அடித்து ரிவிட் மாதிரி மறைக்காதீர்கள். திருப்பிப் பார்க்கிறவனுக்கு அது திருகு என்று தெரியட்டும்.

எம்2தட்டு:
திருகுத் தலைக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான் இல்லை.